குரங்கைக் கொன்றால் காய்ச்சல் நிற்காது

"குரங்குக் காய்ச்சலைப் பரப்புவது குரங்குதான், கண்டதும் கொல்லுங்கள்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி தவறு, ஆபத்தானதும்கூட.

1957இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டம் கியாசனூர் காட்டில் குரங்குகள் அடுத்தடுத்துச் செத்தபோது கண்டறியப்பட்ட வைரஸ்தான் இந்தக் காய்ச்சலுக்குக் காரணம். மனிதருக்கு அதை ஏற்றுவது காட்டு உண்ணி. பெரும்பாலும் சட்டென்று கண்ணில் படாத அதன் இளம்பருவம். மந்தியும் நாட்டுக்குரங்கும் நம்மைப் போலவே இந்நோய்க்குப் பலியாகின்றன, பாவம்.

குரங்கு செத்ததும் உடலிலுள்ள உண்ணிகள் இறங்கி அந்த இடத்திலேயே பரவி, அடுத்த இரைக்குக் காத்திருக்கும். கொன்றால் ஆபத்து கூடத்தான் செய்யும். செத்த குரங்கை நெருங்காமல் வனத்துறைக்கோ சுகாதாரத்துறைக்கோ சொல்லுங்கள். விறகுக்கும் தழைக்கும் காட்டுக்குள் போகிறவர்கள் கைகால் மூடிய உடை அணியுங்கள். திரும்பியதும் குளித்து, உடம்பில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். நோயாளியை ஒதுக்கவும் வேண்டாம்: இது ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றுவதில்லை.