பின்வாங்குவதற்கு விலை இருக்க வேண்டும்

சனிக்கிழமை இரவு ஸ்டெல்லாரிஸ் என்ற விண்வெளிப் போர்க் கணினி விளையாட்டில், என் எல்லைக்குள் நுழைந்த தம்பியின் கப்பல் அணி வெளியேற முடியாமல் தோற்றது குழுவில் எல்லோருக்கும் தெரியும். அதற்கு மேல் திரும்பச் சொல்லப்போவதில்லை. ஆனால் அதன் பிறகு "இனிமேல் யாரும் இன்ஹிபிட்டர் வைக்கக் கூடாது" என்று, எதிரிக் கப்பல்களைத் தடுக்கும் அந்தக் கருவிக்கு எதிராக ஒரு விதி போட்டீர்களே, அதை விழுங்கிக்கொண்டு இருக்க என்னால் முடியவில்லை.

ஸ்டெல்லாரிஸில் இன்ஹிபிட்டர் யாரையும் சிறைப்பிடிப்பதில்லை. விண்தளத்திலோ கோளில் உள்ள கோட்டையிலோ அது இயங்கினால், எதிரியின் அணி வந்த பாதையாலேயே வெளியேற வேண்டும். அதைக் கடந்து உள்ளே போக முடியாது. அவ்வளவுதான். வந்த பாதை திறந்துதான் இருந்தது, தம்பி. அந்தப் பாதையில் என் இரண்டாவது அணி வந்து நின்றதற்கு விதி என்ன செய்யும்? அவசரப் பின்வாங்கலும் இருந்தது. அணி சில மாதங்கள் காணாமற்போகும், சில கப்பல்கள் திரும்பாமலே போகலாம். அந்த விலையைக் கொடுக்க நீ விரும்பவில்லை.

விலையைத்தான் சொல்கிறேன். பின்வாங்குவது இலவசமாக இருந்தால் உள்ளே நுழைவதற்கும் அர்த்தம் இல்லை. 2018 பெப்ரவரியில் ஸ்டெல்லாரிஸின் 2.0 பதிப்பு வருவதற்கு முன் விளையாடியவர்கள் நினைத்துப் பாருங்கள். வார்ப் (நேராகத் தாவுவது), வோர்ம்ஹோல் (புழைவழி), ஹைப்பர்லேன் (நட்சத்திரங்களுக்கு இடையே குறித்த பாதை) என்று ஒவ்வொரு பேரரசுக்கும் ஒரு பயணமுறை. எல்லையில் கோட்டை கட்டிப் பயனில்லை. பெரிய அணி வருவதைக் கண்டதும் சிறிய அணி வேறொரு நட்சத்திரத்துக்குத் தாவும். அங்கே ஒரு தளத்தை உடைக்கும். துரத்தினால் மறுபடியும் தாவும். போர் என்ற பெயரில் இரவு முழுவதும் ஓடிப்பிடித்து விளையாடினோம்.

இது புதிய தந்திரமும் அல்ல. 1996இல் வந்த மாஸ்டர் ஆஃப் ஓரியன் இரண்டு என்ற விளையாட்டில் வார்ப் டிசிபேட்டர் என்ற கருவி பொருத்திய கப்பல் களத்தில் நின்றால் எதிரி பின்வாங்கவே முடியாது. 2006இல் வந்த எம்பயர் அட் வார் விளையாட்டில் இன்டர்டிக்டர் கப்பல் அதே வேலையைச் செய்தது. அங்கேதான் தந்திரமே பிறக்கிறது. தடுக்கும் கப்பலை முதலில் வீழ்த்த வேண்டும் என்பது எதிரிக்குத் தெரியும். அதைப் பின்னால் வைத்துக் காக்க வேண்டும் என்பது நமக்குத் தெரியும். முழு அணியையும் கொட்டுவதற்கு முன் ஒரு வேவுக் கப்பலை அனுப்புவோம். ஈவ் ஆன்லைன் என்ற விளையாட்டில் தடுப்புக் குமிழியை விரித்தால் சொந்தக் கப்பல்களும் அதற்குள் மாட்டிக்கொள்ளும். தடுப்பவனுக்கும் விலை உண்டு.

"புதியவர்கள் வெறுத்துப் போவார்கள்" என்கிறீர்கள். இருக்கலாம். சொல்லிக்கொடுங்கள். "வெறும் விளையாட்டுத்தானே" என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அப்படியானால் தோற்றதும் ஏன் விதியை மாற்றினீர்கள்? ஓட வழியில்லாதவன் வெறியோடு சண்டையிடுவான், ஆகவே வழிவிட வேண்டும் என்று ஒரு அண்ணா எழுதியிருந்தார். மனிதப் படைக்கு அது சரி. ஸ்டெல்லாரிஸில் அந்த வெறி வேண்டுமென்றால் பின்வாங்காக் கொள்கையை நீங்களே தேர்ந்தெடுக்க வேண்டும். சுடும் வேகம் கூடும், கப்பல்கள் களத்தைவிட்டு விலகமாட்டா. அதற்கும் விலைதான்.

எங்கள் அம்மப்பா திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை செய்தவர். 1942 ஏப்ரலைப் பற்றி அவர் கதைக்கும்போது குரல் மாறிவிடும். ஜப்பானிய விமானங்கள் வரப்போவது தெரிந்து, முதல்நாளே கப்பல்களைத் துறைமுகத்தைவிட்டு வெளியேற்றினார்கள். வெளியேறிய ஹெர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் 9ஆம் திகதி மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. தடுப்பதற்கு எந்தக் கருவியும் இல்லாத திறந்த கடல் அது. அப்படியும் தப்ப முடியவில்லை. இந்தக் குடாவைப் பார்த்து வளர்ந்தவனிடம் வந்து பின்வாங்கல் ஒரு பிறப்புரிமை என்று சொல்லாதீர்கள்.

தோற்றதைக்கூட விடுங்கள். என்னைக் "கோழை" என்று எழுதினீர்கள். முன்னே வந்து வழியை மறித்து நின்றவன் நான். அது வலிக்கிறது. விருப்பக்குறி போட்டவர்களில் நான் இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்தவர்களும் இருக்கிறார்கள்.

விதியை மாற்றுவதென்றால் எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தில் வாக்கெடுப்பு வையுங்கள். ரொறன்ரோவில் மாலை, திருகோணமலையில் விடியாத நேரம். அப்போது ஐந்தாறு பேர் கூடி எடுத்த முடிவை நான் ஏற்கவில்லை. அடுத்த ஆட்டத்திலும் என் எல்லையில் இன்ஹிபிட்டர் இருக்கும்.