முனை வீட்டின் நடுக்கடை

சென்னை மேற்கு மாம்பலத்தில் நான் வளர்ந்த தெருவின் முனை வீட்டை இடிக்கப்போகிறார்கள். வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு வீட்டைப் பில்டரிடம் ஒப்படைத்தாயிற்று. தெருவைப் பார்த்தபடி கீழே இருக்கும் மூன்று கடைகளும் தை பிறப்பதற்குள் காலியாக வேண்டும். செய்தியைக் கேட்ட நாளிலிருந்து, அந்த மூன்றில் நடுக்கடையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கிறேன். பத்தடி அகலம், பன்னிரண்டடி ஆழம், அவ்வளவுதான் கடை.

அப்பா சொல்லித் தெரிந்தவரை, முதலில் அது அடுப்புக்கரிக் கடை. குமுட்டி அடுப்புகளுக்குக் கரி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தவர், வீடுகளுக்கு கேஸ் சிலிண்டர் வந்த பிறகு கடையைக் கைமாற்றிவிட்டுப் போய்விட்டார். எனக்கு நினைவு தெரிந்தபோது அங்கே வாடகை சைக்கிள் கடை இருந்தது. அரை மணிக்கு 25 காசு. அப்போது கடைக்கு ஷட்டர் கிடையாது. எண் போட்ட மரப்பலகைகளை வரிசை பிசகாமல் காடிக்குள் ஒவ்வொன்றாகச் செருகி, குறுக்கே இரும்புப் பட்டையைப் போட்டுப் பூட்டுவார்கள். 1980களின் நடுவில் சைக்கிள்கள் போய் வீடியோ கேசட்டுகள் வந்தன; பலகைகள் போய் ஷட்டர் வந்ததும் அப்போதுதான். 1990களில் மஞ்சள் பலகையுடன் எஸ்.டி.டி. பூத் வந்தது. இரவில் கட்டணம் குறையும் என்பதற்காகச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு வந்து வரிசையில் நிற்பவர்கள், தங்கள் முறை வந்ததும் கண்ணாடிக் கூண்டுக்குள் ஓடும் சிவப்பு எண்களைப் பார்த்துக்கொண்டே அவசர அவசரமாகப் பேசுவார்கள். அக்காவுக்குக் குழந்தை பிறந்த செய்தி பம்பாயிலிருந்து எங்களுக்கு அந்தக் கடை வழியாகத்தான் வந்தது. கடைக்காரரின் தம்பி ஓடிவந்து கதவைத் தட்டினார். பிறகு ஜெராக்ஸ் இயந்திரம் சேர்ந்தது, பிறகு நான்கு கணினிகளோடு பிரவுசிங் சென்டர், பிறகு செல்போன் ரீசார்ஜ். கடந்த ஒன்பது ஆண்டுகளாக ஓர் அம்மாள் அங்கே இரண்டு கிரைண்டர்களை வைத்து இட்லி மாவு அரைத்து விற்கிறார்.

இவற்றில் எந்தக் கடை போனதற்காகவும் நான் வருந்தவில்லை. கரிக்கான தேவை தீர்ந்தது, கரிக்கடை போனது. கையில் தொலைபேசி வந்தது, பூத் போனது. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒருவர் போன இடத்தில் இன்னொருவர் வந்து உட்கார அந்தப் பத்தடி இருந்தது. அங்கே கடை வைத்த ஒவ்வொருவருக்கும் அதுவே முதல் தொழில். நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கொடுத்தவர்களும், வேலை போன பிறகு கிடைத்த பணத்தில் தொடங்கியவர்களும் அவர்களில் உண்டு. இப்போது இடிபடப்போவது அந்த வாய்ப்பு. பழைய கடைகளைப் பற்றி எவ்வளவோ உருக்கமாக எழுதுகிறோம். இனி வரக்கூடிய கடைகளைப் பற்றி யாரும் எழுதுவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

மாற்றம் எங்கள் பகுதிக்குப் புதிதல்ல. லேக் வியூ சாலை என்னும் பெயர், நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம்வரை நீண்டு கிடந்த ஏரியின் மிச்சம். அந்த ஏரியை 1920களில் தூர்த்துத்தான் தியாகராய நகரை உண்டாக்கினார்கள். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம்வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அலுவலக வேலைக்குப் போகிறவர்கள் மாம்பலம் ரயில் நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் வீடு தேடி வந்தார்கள். அன்று கட்டிய வீடுகளில் கடை என்று எதுவும் இல்லை. திண்ணையும், அதையொட்டித் தெருவைப் பார்த்த ஓர் அறையும் இருந்தன. குடும்பத் தலைவர் ஓய்வு பெற்ற பிறகோ இறந்த பிறகோ வருமானம் போதாமல், அந்த அறையின் சுவரை உடைத்து வாடகைக்கு விட்டார்கள். எங்கள் தெருவின் கடைகளில் பெரும்பாலானவை அப்படி உண்டானவைதான். எந்த நகரத் திட்டத்திலும் இடம்பெறாமல், ஒரு வீட்டின் பணமுடையும் இன்னொருவரின் பிழைப்பும் சேர்ந்து உண்டாக்கிய கடைகள் அவை.

வாடகைச் சட்டத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1960ஆம் ஆண்டுச் சட்டம் நியாய வாடகை என்ற ஒன்றை வரையறுத்து, சட்டம் சொல்லும் காரணங்கள் இல்லாமல் யாரையும் வெளியேற்ற முடியாதபடி செய்தது. கடைக்காரர்களுக்கு அது பெரிய பாதுகாப்பு. வீட்டுக்காரர்களில் பலருக்கோ, கட்டடத்தைப் பழுதுபார்க்கக்கூடக் கட்டாத வாடகையே மிஞ்சியது. மர உத்தரங்களின் மேல் செங்கல்லை அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரை ஒழுகத் தொடங்கினால் அதைச் சரிசெய்ய என்ன செலவாகும் என்பது அந்த வீடுகளில் வாழ்ந்தவர்களுக்குத் தெரியும். 2019 பிப்ரவரி முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சட்டம், எழுத்து ஒப்பந்தம் வேண்டும், அதைப் பதிவு செய்ய வேண்டும், ஒப்பந்தம் சொல்லும் வாடகையே வாடகை என்கிறது. இது நியாயமானது என்றே நினைக்கிறேன். முனை வீட்டுக்காரர்களையும் நான் குறை சொல்ல மாட்டேன். ஆறு வாரிசுகளுக்கு ஒரு பழைய வீட்டை வேறு எப்படித்தான் பிரித்துக் கொடுக்க முடியும்?

என் சண்டை கட்டட விதிகளோடுதான். அதே 2019இல் வந்த ஒருங்கிணைந்த கட்டட விதிகள், எஃப்.எஸ்.ஐ. என்று எல்லோரும் சொல்லும் தளப்பரப்புக் குறியீட்டைச் சாதாரணக் கட்டடங்களுக்கு 1.5இலிருந்து 2ஆக உயர்த்தின. அதாவது ஒரு கிரவுண்டு மனையான 2,400 சதுர அடியில், முன்பு 3,600 சதுர அடி கட்டலாம் என்றிருந்தது 4,800 ஆனது. தூண்களை மட்டும் நிறுத்தித் தரைத்தளத்தைக் கார்களுக்கு விட்டால் அந்தப் பரப்பு இந்தக் கணக்கில் சேராது. அங்கேயே ஒரு சிறு கடை வைத்தால் அதன் ஒவ்வோர் அடியும் கணக்கில் சேர்ந்து, மேலே விற்கக்கூடிய வீட்டின் பரப்பிலிருந்து கழியும். எந்தப் பில்டர் கடை கட்டுவார்? எங்கள் தெருவில் கடந்த சில ஆண்டுகளில் எழுந்த ஏழு கட்டடங்களிலும் தெருவைப் பார்ப்பவை ஓர் இரும்புக் கேட்டும் காவலாளியின் நாற்காலியும் மட்டுமே. தண்டவாளத்துக்குக் கிழக்கே ரங்கநாதன் தெருவில், ஒரு காலத்தில் வரிசையாக இருந்த வீடுகளை விழுங்கிக் கடைகள் மாடிமேல் மாடியாக வளர்ந்தன. மேற்கே எங்கள் பக்கம் வீடுகள் கடைகளை விழுங்குகின்றன. இரவு ஒன்பது மணிக்கு மேல் ரயில் நிலையத்திலிருந்து நடந்து வரும் என் மகள், முன்பு கடை வெளிச்சத்தில் கடந்த தொலைவை இப்போது செல்போன் வெளிச்சத்தில் கடக்கிறாள்.

நான் கேட்பது சிறிய சலுகை. பேருந்து செல்லும் சாலைகளிலும் ரயில் நிலையத்தைச் சுற்றிய தெருக்களிலும், தரைத்தளத்தில் தெருவைப் பார்த்து 120 சதுர அடிக்கு மிகாத ஒரு கடையோ இரண்டு கடைகளோ கட்டினால், அந்தப் பரப்பையும் வாகன நிறுத்துமிடத்தைப் போலவே கணக்கிலிருந்து விலக்கிவிட வேண்டும். அவற்றுக்காக ஒரு கார் நிறுத்தும் இடம் குறையும், குறையட்டும். அந்தக் கடைகளை இணைத்து ஒரே பெரிய கடையாக்கக் கூடாது என்றும் விதி வேண்டும். இல்லையென்றால் ஏதாவது ஒரு பெரிய நிறுவனத்தின் கிளை அங்கே வந்து உட்கார்ந்துவிடும்.

மாவுக்கடை அம்மாள் இரண்டு மாதமாக ஐந்தாறு தெருக்களில் இடம் தேடிவிட்டார். கிடைப்பதெல்லாம் 400 சதுர அடிக்கு மேற்பட்ட கடைகள். அட்வான்ஸ் மட்டுமே அவருடைய இரண்டு கிரைண்டர்களின் விலையைப்போலப் பல மடங்கு.

நான் இப்போது குடியிருக்கும் அடுக்ககமும் 1987இல் கட்டியது. அதையும் இடித்துக் கட்டும் பேச்சு நடக்கிறது. 2022ஆம் ஆண்டு அடுக்கக உரிமைச் சட்டத்தின்படி மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் சம்மதித்தால் போதும். பன்னிரண்டு வீடுகளில் எட்டு வீட்டார் ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டார்கள். விதி மாறும்வரை காத்திருக்காமல், புதிய வரைபடத்தில் தெருப்பக்கம் ஒரு பத்தடிக் கடையைச் சேர்க்க வேண்டும் என்றும், அதற்காகக் குறையும் பரப்பை எல்லோரும் பகிர்ந்துகொள்ளலாம் என்றும் போன கூட்டத்தில் கேட்டேன். என் கணக்கில் வீட்டுக்குப் பத்து சதுர அடி குறையும். இதுவரை மூன்று வீட்டார் சரி என்றிருக்கிறார்கள். அடுத்த கூட்டம் வருகிற ஞாயிற்றுக்கிழமை.