டர்போ வண்டிக்கு "கோல்டு" (தங்கம் இல்ல, cold) ஸ்பார்க் பிளக் போட்டா பவர் ஏறுமா?

"டர்போ கார்னா ஒரு ஸ்டெப் கோல்டு பிளக் போடுங்க, கேப்பையும் (தீப்பொறி தாண்டுற இடைவெளி) கொஞ்சம் பெருசாக்குங்க, பிக்கப் பிச்சுக்கும்"னு ஒரு மெசேஜ் சுத்திட்டு இருக்கு. ஸ்டாக் வண்டிக்கு, அதாவது கம்பெனில இருந்து வந்தபடியே இருக்கிற வண்டிக்கு, இது தப்புங்க, தயவுசெஞ்சு நம்பாதீங்க.

பிளக் கோல்டா ஹாட்டாங்கிற ஹீட் ரேஞ்சுக்கும் தீப்பொறியோட பலத்துக்கும் சம்பந்தமே இல்ல. பிளக் நுனியில இருக்கிற சூடு எவ்வளவு வேகமா இன்ஜின் ஹெட்டுக்கு இறங்குதுங்கிறதுதான் அது. கோல்டு பிளக்குல உள்ள இருக்கிற வெள்ளை பீங்கான் மூக்கு குட்டையா இருக்கும், சூடு சட்டுனு இறங்கிடும். ஆனா நுனி சுமார் 450 டிகிரி செல்சியஸாவது தொட்டாத்தான் படியிற கரி தானா எரியும், ஸ்டாக் பூஸ்ட்ல (டர்போ இன்ஜினுக்குள்ள தள்ளுற காத்தழுத்தம்) டவுனுக்குள்ளயே ஓட்டுற வண்டியில அந்த சூடு வராம பீங்கான் மேல மை பூசின மாதிரி கரி ஒட்டிக்கும், அப்புறம் காலைல ஸ்டார்ட்டிங் ட்ரபுள், மிஸ்ஃபயர்னு வரிசையா வரும்.

கேப் விஷயம் இன்னும் மோசம். பூஸ்ட் ஏறினா சிலிண்டர்ல அழுத்தம் கூடும், அதே இடைவெளிய தாண்டவே அதிக வோல்டேஜ் வேணும், அதனாலதான் பல டர்போ இன்ஜினுக்கு 0.7, 0.8 மிமீ மாதிரி சின்ன கேப் கொடுக்கிறாங்க. இரிடியம் உலோக நுனி வச்ச பிளக்கும் பவருக்கு இல்ல, ஆயுசுக்குத்தான்.

இன்னொன்னு, என்ஜிகே பிராண்ட் பிளக்குல ஹீட் ரேஞ்ச் நம்பர் கூடினா கோல்டு, போஷ்ல கூடினா ஹாட். பிராண்ட் மாத்தினா நம்பர மட்டும் பார்த்து வாங்கிடாதீங்க, மேனுவல்ல இருக்கிற பார்ட் நம்பருக்கு இணையானத தேடுங்க. டியூன் பண்ணி பூஸ்ட் ஏத்தினவங்க கதை வேற, அவங்களுக்கு கோல்டு தேவைப்படலாம்.