அடிமரம் வரைக்கும் பேவர் பிளாக்

போட்டாச்சு. ஊர்ப் பழைய பூங்காவுலயும் பேவர் பிளாக் போட்டாச்சு. இனிமே டெல்டாவுல மண்ணைப் பாக்கணும்னா வயலுக்குத்தான் போகணும். அங்கயும் எவனாவது எஸ்டிமேட்டோட நிக்காம இருக்கணும்.

நடக்கப் பாதை வேணும், சரி. நாலடி அகலத்துக்குக் கிராவல் அடிச்சு ரோலர் விட்டா முடிஞ்சுது வேலை. இவங்க போட்டது பாதையில்ல. இந்தச் சுவத்துலேருந்து அந்தச் சுவர் வரைக்கும் கல்லு. நடுவுல நிக்கிற தூங்குமூஞ்சி மரத்து அடியில கொண்டுபோய் முட்ட விட்டிருக்காங்க. கடைசி வரிசை உள்ள போகலையாம். கட்டர் வச்சு வளைவா அறுத்து, பட்டையோட ஒட்டி, மிச்ச சந்துல சிமெண்ட் பால் ஊத்தியிருக்காங்க. அந்த நேர்த்தி இருக்கே! பல்லுக்குக் கேப் மாட்டுற டாக்டர்கூட இவ்வளவு கச்சிதமாப் பண்ணமாட்டார்.

மொதல்ல ஜேசிபி. ஒரு அடி தோண்டணும்னு கணக்கு. மரத்துக்குத் தண்ணியும் சத்தும் உறிஞ்சித் தர்ற மெல்லிய வேரெல்லாம் பெரும்பாலும் மேலாக்க ரெண்டு அடிக்குள்ளதான் ஓடும், கிளை விரிஞ்ச அளவையும் தாண்டி ஓடும். அதைத்தான் பக்கெட்டு வாரிப் போட்டுச்சு. மணிக்கட்டு கனத்துக்கு வேரு, நார் நாராக் கிழிஞ்சு தொங்குது. ரம்பத்துல நேரா அறுத்த வேராவது தேறும், பிச்செடுத்தது அழுகும். சரி, தோண்டியாச்சா? ஜல்லியைக் கொட்டி ரோலர் ஏத்து. மண்ணுக்குள்ள இருந்த காத்தெல்லாம் காலி. வேருக்கும் மூச்சு வேணும்ங்கிறது எந்த டெண்டர்லயும் வராது போல. அது மேல ரெண்டு அங்குலம் எம்-சாண்ட், அது மேல 60 மில்லிமீட்டர் கனத்துக்குக் கல்லு. சந்துல வெறும் மணலைக் கூட்டித் தள்ளியிருந்தா மழைத்தண்ணி கொஞ்சமாவது கீழ இறங்கும். பொறுக்குமா? மணல்ல சிமெண்டைக் கலந்து அதையும் அடைச்சாச்சு.

தஞ்சாவூர்ல சேவப்பநாயக்கன் ஏரித் தண்ணியைச் சிவகங்கைக் குளத்துக்குக் கொண்டாந்து, அங்கேருந்து சுடுமண் குழாய்ல அய்யன்குளத்துக்கு அனுப்புன சீமை இது. இப்ப ஒரு பூங்காவுல விழுற மழையை மண்ணுக்குள்ள அனுப்ப நமக்கு வக்கில்ல.

நம்ம களிமண்ணு சும்மா இருக்குமா? சித்திரையில வெடிக்கும், ஐப்பசியில ஊதும். ரெண்டே மழையில கல்லு மேடும் பள்ளமுமா எழும்பி, நடுவுல தண்ணி கட்டி, கொசு குடும்பம் நடத்தும். வேரறுந்த பக்கம் மண்ணு ஊறினதும் ஒருநாள் ராத்திரி மரம் சாயும். மறுநாள் 'சூறைக்காற்றில் பழமையான மரம் சாய்ந்தது'ன்னு சேதி வரும். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சப்பவே நின்ன மரம்யா அது! காத்து மேல பழி போட்டா அது என்ன கேஸா போடப் போகுது?

சுத்தி ஆறடியாவது வெறும் மண்ணா விட்டிருக்கலாம். விழுற எலையைக் கூட்டி அதுலயே போட்டா உரம். ஆனா இங்க எலையை மூலையில கொளுத்துவாங்க, அப்புறம் மண்புழு உரம் மூட்டையில வரும். பில்லோட.

சுத்துச்சுவர் கதை தனி. செங்கல்லும் சுண்ணாம்புக் காரையுமா நின்ன சுவரு. காரை ஈரத்தை உள்வாங்கும், வெயில்ல வெளிய விடும். அது மேல சிமெண்ட் பூசி, எனாமல் பெயிண்டும் அடிச்சா ஈரம் எங்க போகும்? உள்ளயே கிடந்து, உப்புப் பூத்து, செங்கல்லு மாவாக் கொட்டும், பூச்சு பாளம் பாளமா விழும். அப்ப என்ன பண்ணுவாங்க? இன்னும் கனமா சிமெண்ட் பூசுவாங்க. சுண்ணாம்பை நீத்து ஊறப்போட்டு, மணல் சேத்து அரைச்சுப் பூச இங்க யாருக்குப் பொறுமை? டால்பின் குப்பைத்தொட்டி மட்டும் நாலு வந்திருக்கு. காவிரிக்கரையில டால்பின்!

கழிப்பறை பூட்டு. சாவி வாட்ச்மேன்கிட்ட, வாட்ச்மேன் எதிர்க்கடையில. அந்தக் கடையில 'ஒரிஜினல் கும்பகோணம் டிகிரி காபி'ன்னு ஆளுயரப் போர்டு. பாக்கெட் பால்ல பாதி தண்ணி, காலையில எறக்குன டிகாக்‌ஷன் மத்தியானம் வரைக்கும், அதுலயும் சிக்கரிதான் தூக்கல். பித்தளை டபராவுல ஊத்தினா எல்லாம் சரியாப் போயிடுமாம். நுரை மட்டும் ஒரு முழம்யா!