அந்த ‘ஒரு சதவீதம்கூட இல்லை’ எங்கிருந்து வந்தது?

“மருத்துவர் எழுதித் தரும் ஓபியாய்டு (அபின் வகை) வலி மாத்திரைக்கு நூற்றில் ஒருவர்கூட அடிமையாவதில்லை, அமெரிக்க ஆய்வே சொல்கிறது” என்ற பேச்சு இன்னும் சுற்றுகிறது. தவறு.

அது ஆய்வுக் கட்டுரையே அல்ல. 1980 ஜனவரியில் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வெளியான ஐந்து வாக்கியக் கடிதம். ஓபியாய்டு பெற்ற 11,882 பேரின் பதிவுகளில் 4 பேரே அடிமையானதாகத் தெரிந்தது என்றார்கள் கடிதம் எழுதியவர்கள். எண்ணில் பிழையில்லை. ஆனால் எல்லோரும் மருத்துவமனையில் சேர்ந்திருந்தவர்கள். ஒரே ஒரு வேளை மருந்து பெற்றவரும் அந்தக் கணக்கில் அடக்கம். வீட்டில் மாதக்கணக்காக மாத்திரை விழுங்குபவருக்கு என்ன ஆகும் என்று கடிதம் பேசவே இல்லை.

2017இல் அதே இதழில் ஒரு குழு கணக்கெடுத்தது. கடிதத்தைச் சுட்டிய 608 கட்டுரைகளில் 439, ‘அடிமையாவது அரிது’ என்பதற்கு அதைச் சான்றாக்கியிருந்தன. கடிதம் கணக்கெடுத்தவர்கள் மருத்துவமனையில் சேர்ந்திருந்த நோயாளிகள் என்பதை 491 கட்டுரைகள் சொல்லவே இல்லை. ஐந்து வாக்கியம் படிக்கவும் நேரமில்லை போலும்! ஆக்ஸிகான்டின் என்ற ஓபியாய்டு வலி மாத்திரையைத் தயாரித்த பர்டூ நிறுவனம், அடிமையாகும் அபாயத்தைக் குறைத்துக் காட்டி விற்றதை 2007இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது.

இதைப் படித்துவிட்டுப் புற்றுநோய் வலிக்குத் தரும் ஓபியாய்டு மருந்தான மார்ஃபினை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அது வேறு கணக்கு. அடிமையானவர்களுக்கும் மெத்தடோன், பியூப்ரெனார்ஃபின் என்று பலன் தரும் சிகிச்சை இருக்கிறது.