பேனருக்கு ஆள் இருக்கு, மைக் செட்டுக்கு ஆள் இல்ல

போன ஞாயித்துக்கிழமை எங்க சபா கமிட்டி மீட்டிங். சபான்னதும் பெருசா நினைச்சுக்காதீங்க. மாசம் ஒரு கச்சேரி, வருஷத்துக்கு ஒரு நாடகம், ஒரு கல்யாண மண்டபத்தோட மாடி ஹால், அம்பது சேர், ஒரு ஜமுக்காளம், அவ்ளோதான் எங்க சொத்து. பொருளாளர் சார் ரிட்டயர்டு பேங்க் ஆளு, கணக்கு நோட்டைத் திறந்து வச்சுட்டு "பேனருக்கு மூணு பேர் ரெடியா இருக்காங்க, பொன்னாடைக்கு ஒருத்தர், மொமெண்டோவுக்கு ஒருத்தர், ஹால் வாடகைக்கும் மைக் செட்டுக்கும்தான் யாரும் இல்ல"ன்னார். பன்னெண்டு வருஷமா இதே வசனத்தைத்தான் கேட்டுட்டு இருக்கேன்.

குடுக்கறவங்கள குறை சொல்ல வரல. கோயில் ட்யூப்லைட்ல வெளிச்சமே தெரியாத அளவுக்கு உபயம்னு பேர் எழுதற ஊரு இது, நமக்கு அது ரத்தத்துலயே இருக்கு. பேர் போட்டாவது குடுக்கறாங்களேன்னுதான் நானும் நினைப்பேன். ஆனா கலாச்சாரத்தை வள்ளல்கள்தான் வாழ வைக்கறாங்கன்னு மேடையில பேசறப்போ எனக்கு உள்ளுக்குள்ள ஒரு எரிச்சல் வரும், ஏன்னா நான் பார்த்த வரைக்கும் பெரிய பங்கு குடுக்கறவங்க பேரு எந்த பேனர்லயும் வர்றதில்ல.

மார்கழி சீசனையே எடுத்துக்கோங்க. 1927 டிசம்பர்ல மெட்ராஸ்ல காங்கிரஸ் மாநாடு நடந்தப்போ கூடவே ஒரு சங்கீத மாநாடும் நடந்துச்சு, அதுல போட்ட தீர்மானத்துலதான் 1928ல மியூசிக் அகாடமி வந்துச்சு. முதல் தலைவர் ஒரு டாக்டர், யு.ராமராவ். ஓடியாடி வேலை பார்த்த செயலாளர் ஒரு வக்கீல், ஈ.கிருஷ்ணய்யர். ராஜா இல்ல, ஜமீன் இல்ல, கோர்ட்டும் கிளினிக்கும் முடிஞ்சு சாயங்காலம் உக்காந்து வேலை பார்த்தவங்க. அப்புறம் தமிழ்ப் பாட்டுக்கு மேடை இல்லன்னு சண்டை வந்து 1943ல ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் ஆதரவுல தமிழ் இசைச் சங்கம் வந்தது வேற கதை, அங்க பெரிய பணம் இருந்துச்சு, மறுக்கல. 2017ல யுனெஸ்கோ சென்னையை இசைக்கான படைப்பாக்க நகரங்கள் பட்டியல்ல சேர்த்தப்போ எல்லாரும் ஷேர் பண்ணோம். நானும்தான்.

சரி, அந்த சீசனுக்கு இன்னைக்கு யார் காசு போடறாங்க? சாயங்கால ஸ்டார் கச்சேரிக்கு டிக்கெட் இருக்கு, ஸ்பான்சர் இருக்கு. மத்தியானம் ஃப்ரீ கச்சேரி பாடற பொண்ணுக்கு? அந்தப் பொண்ணுக்குப் பதினஞ்சு வருஷம் பாட்டு க்ளாஸ் ஃபீஸ் கட்டின அப்பா அம்மா, பட்டுப்புடவை, கார் வாடகை, பக்கவாத்தியக்காரங்களுக்குக் குடுக்கற தொகை, எல்லாம் கூட்டிப் பாருங்க, சபா குடுக்கற கவர்ல அது பாதி வந்தா ஜாஸ்தி. நாம ஓசியில உக்காந்து கேட்டுட்டு கேன்டீன்ல கீரை வடை நல்லா இருக்குன்னு எழுதறோமே, அந்தக் கச்சேரிக்கு உண்மையான உபயம் அந்தக் குடும்பம்தான். கடம் வாசிக்கறவரு டூவீலர்ல கடத்தைக் கட்டிட்டு மூணு சபா ஓடறாரு பாருங்க, அவரும்தான்.

இது புதுசும் இல்ல. உ.வே.சா சீவக சிந்தாமணியை 1887ல அச்சுல கொண்டு வந்தாரு இல்லையா, கும்பகோணம் காலேஜ்ல வாத்தியார் வேலை, சம்பளத்துல அவ்ளோ பெரிய புஸ்தகம் போட முடியாது, அதனால முன்கூட்டியே பார்க்கறவங்ககிட்டல்லாம் கையொப்பம் வாங்கினாரு. கையொப்பம்னா புஸ்தகம் வந்தா வாங்கிக்கறேன், பணம் தரேன்னு போடற கையெழுத்து. இப்ப அதுக்கு க்ரவுட் ஃபண்டிங்னு பேரு வச்சிருக்கோம். மடமும் செல்வந்தரும் ஒரு பக்கம் உதவினாங்க, ஆனா அந்தக் கையெழுத்து போட்ட சாதாரண ஆளுங்க எத்தனை பேரை நமக்குத் தெரியும்?

எனக்கு ரொம்பப் பிடிச்ச கதை ரோஜா முத்தையா. காரைக்குடி பக்கத்துல கோட்டையூர்க்காரரு, சைன்போர்டு எழுதற ஓவியர். நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, பழைய பாட்டுப் புஸ்தகம், பத்திரிகை, மத்தவங்க எடைக்குப் போடறத எல்லாம் சொந்தக் காசுல சேர்த்தாரு. கிட்டத்தட்ட ஒரு லட்சம். வீட்டுல என்னென்ன திட்டு வாங்கியிருப்பாருன்னு நினைச்சா சிரிப்பும் வருது, கஷ்டமாவும் இருக்கு. 1992ல அவர் இறந்ததும் அந்த மொத்தத் தொகுப்பையும் காசு குடுத்து வாங்கினது யாருங்கறீங்க? சிகாகோ பல்கலைக்கழகம். நல்லவேளை அங்க தூக்கிட்டுப் போகல, சென்னையிலயே வச்சு 1994ல நூலகமா ஆக்கினாங்க, இப்ப தரமணியில இருக்கு. நம்ம ஊர்ல இத்தனை கல்விக் குழுமம், இத்தனை அறக்கட்டளை இருந்து, வாங்கினது கடல் தாண்டி ஒரு யுனிவர்சிட்டி. அதுலயும் வாங்கறது ஒரு நாள் செலவு. அந்தக் காகிதம் சென்னை உப்புக்காத்துல பொடியாகாம இருக்கணும்னா தினமும் ஏசி ஓடணும், பக்கம் பக்கமா படம் எடுத்து வைக்கணும், அட்டவணை போடணும், அதுக்கு ஆள் வேணும், அவங்களுக்கு மாசாமாசம் சம்பளம் வேணும். ஏசி பில்லுல கல்வெட்டு வைக்க முடியாதுல்ல.

விக்டோரியா பப்ளிக் ஹாலுக்கும் இதே கதிதான். சென்ட்ரலுக்கும் ரிப்பன் பில்டிங்குக்கும் நடுவுல செகப்பா நிக்குதே, அதேதான். ஊர்க்காரங்க சந்தா போட்டுக் கட்டினது, கட்டட கான்ட்ராக்டர் நம்பெருமாள் செட்டி. 1891ல பம்மல் சம்பந்த முதலியார் ஆரம்பிச்ச சுகுண விலாச சபா நாடகம் போட்ட மேடை, 1897ல விவேகானந்தர் பேசின மேடை. கட்ட ஊர் சேர்ந்துச்சு, பராமரிக்க ஊர் சேரல. எத்தனையோ வருஷம் பூட்டியே கெடந்து கடைசியில மாநகராட்சிதான் சீரமைக்க வந்துச்சு, அதுவும் நம்ம வரிப்பணம்.

வரின்னதும் ஞாபகம் வருது. சுதந்திர இந்தியாவுலயே முதல் பொது நூலகச் சட்டம் நம்ம 1948 மெட்ராஸ் சட்டம்தான், அதுக்குப் பின்னாடி நூலகத் துறை மேதை எஸ்.ஆர்.ரங்கநாதனோட உழைப்பு இருக்கு. அதுல இருந்து சொத்து வரியோட சேர்த்து நூலக வரின்னு ஒண்ணு வசூலாகுது, இன்னைக்கு வரிக்கு நூத்துக்குப் பத்து. சொந்த வீடு இருக்கறவங்க அந்த ரசீதை எடுத்துப் பாருங்க. வாடகைக்கு இருக்கறவங்களும் தப்பிக்கல, வாடகையிலயே அது இருக்கு. ஆக வருஷத்துக்கு ஒரு தடவை கூட நூலகப் பக்கம் போகாத என் மச்சானும் ஒரு புரவலர்தான். இத சொன்னா "அப்ப எனக்குப் பொன்னாடை எங்கடா?"ங்கறான்.

பெரிய கம்பெனிங்க சட்டப்படி லாபத்துல ரெண்டு சதவீதம் சமூகப் பணிக்கு ஒதுக்கணும், 2013 சட்டம், அந்தப் பட்டியல்ல கலை, பாரம்பரியம், நூலகம் எல்லாம் இருக்கு. நாங்களும் ஒரு இடத்துல கேட்டுப் பார்த்தோம். "ப்ராஜெக்ட் என்ன சார்? முன்னாடி எப்படி இருந்துச்சு, பின்னாடி எப்படி ஆச்சுன்னு போட்டோ வேணும்"னாங்க. மாசாமாசம் ஒரு கச்சேரி ஒழுங்கா நடக்குதுங்கறதுக்கு என்ன போட்டோ குடுக்கறது? போன மாசமும் நடந்துச்சு, இந்த மாசமும் நடக்குது. அதான் சார் ப்ராஜெக்ட்னு சொல்லிட்டு வந்துட்டோம். பதில் வரல.

மீட்டிங்ல நான் ஒரு ஐடியா சொன்னேன். அடுத்த மாச பேனர்ல ஸ்பான்சர் பேரெல்லாம் எடுத்துட்டு மைக் செட் அண்ணன் பேரு, சேர் போடற ரெண்டு பசங்க பேரு, வயலின்காரர், மிருதங்கக்காரர் பேரு, வருஷா வருஷம் மறக்காம சந்தா கட்டற பாட்டிங்க பேரு, இத மட்டும் பெருசா போடலாம்னு. கமிட்டியில பாதிப் பேரு சிரிச்சாங்க, தலைவர் மட்டும் பரவால்லயேன்னு தலையாட்டினாரு. சரின்னு கீழ எறங்கி வந்து மைக் செட் அண்ணன்கிட்ட "அண்ணே, உங்க பேர பேனர்ல போடப் போறோம், இனிஷியல் என்ன?"ன்னு கேட்டேன்.

"பேரெல்லாம் வேணாம் தம்பி, மொதல்ல போன மாச பாக்கிய முடிச்சு விடுங்க"ன்னாரு.