கப்பலில் காவல் நின்ற 39 பேர்

மரைன் என்றதும், அதாவது கடல்வழி போய்ப் போரிடும் அமெரிக்கப் படையின் வீரன் என்றதும், நமக்கெல்லாம் கரையில் குதித்து ஓடுகிறவன்தான் ஞாபகத்துக்கு வருவான். அவர்கள் சண்டையிட்ட இவோ ஜிமா, பெலிலியு தீவுகள் என்று மணிக்கணக்கில் பேசுவோம். போர்க்கப்பலிலேயே இருந்து கடமையைச் செய்த மரைன்களைப் பற்றிப் பேச ஆளில்லை. இது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பெரிய போர்க்கப்பல்களில் சின்னதாக ஒரு மரைன் பிரிவு இருக்கும். கேப்டன் கூடவே நின்று ஏவல் செய்யும் ஆர்டர்லி அவர்கள்தான், கப்பல் சிறைக்குக் காவலும் அவர்கள்தான். எதிரி விமானம் வந்தால் பீரங்கியில் போய் நிற்பார்கள்.

இண்டியானாபொலிஸ் கப்பலில் அப்படி 39 பேர். 1945 ஜூலை 16 அன்று சான் பிரான்சிஸ்கோவில் ஒரு பெரிய மரப்பெட்டியை ஏற்றினார்கள். மரைன்கள் இரவு பகலாக முறைபோட்டு அதைக் காத்தார்கள். உள்ளே இருப்பது என்னவென்று யாரும் சொல்லவில்லை. பசிபிக்கில் அமெரிக்கத் தளபதியாக இருந்த ஜெனரல் மெக்கார்தருக்கு வாசனை டாய்லெட் பேப்பர் போகிறது என்றுகூடக் கப்பலில் பேச்சு ஓடியது. போனது ஹிரோஷிமா குண்டின் பாகங்கள். ஜூலை 26, பசிபிக்கில் இருக்கும் டினியன் தீவில் இறக்கினார்கள். ஹிரோஷிமாவில் நடந்ததை என்னால் ஒருநாளும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் அந்தப் பழியைப் பெட்டிக்குக் காவல் நின்ற பையன்கள் தலையில் கட்டுவது அநியாயம்.

ஜூலை 30, நள்ளிரவு தாண்டியதும் ஜப்பானின் ஐ-58 நீர்மூழ்கி டார்பிடோ விட்டது. 12 நிமிடத்தில் கப்பல் மூழ்கியது. இருந்தவர்கள் 1,195 பேர். சுமார் 300 பேர் கப்பலோடே போனார்கள். மற்றவர்கள் எண்ணெய் படிந்த கடலில் மிதந்தார்கள். மிதவைச் சட்டைக்குள் இருந்த இலவம்பஞ்சு நாள் போகப் போகத் தண்ணீரில் ஊறிக் கனத்து, ஆளையே கீழே இழுத்தது. தாகம் தாங்காமல் கடல்நீரைக் குடித்தவர்களுக்குப் புத்தி பேதலித்தது. சுறாக்கள் வேறு. வரவேண்டிய கப்பல் வரவில்லையே என்று கரையில் ஒருத்தரும் தேடவில்லை! ஆகஸ்ட் 2 அன்று அந்தப் பக்கம் ரோந்து வந்த விமானம் தற்செயலாகப் பார்த்தது. பிழைத்தவர்கள் 316 பேர், அதில் மரைன்கள் 9 பேர்.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது. துணைக்கு ஒரு கப்பல் கேட்டும் கொடுக்கவில்லை, அந்தப் பாதையில் நீர்மூழ்கி நடமாட்டம் இருந்த தகவலையும் சொல்லவில்லை. கடைசியில் குற்றவாளிக் கூண்டில் நின்றது, உயிர் தப்பி வந்த அந்தக் கப்பலின் கேப்டன் மெக்வே. டார்பிடோவுக்குத் தப்பக் கப்பலை வளைந்து வளைந்து ஓட்டவில்லையாம். சுட்ட நீர்மூழ்கியின் தளபதி ஹஷிமோட்டோவையே சாட்சிக்கு வரவழைத்தார்கள். எப்படி ஓட்டியிருந்தாலும் அடித்திருப்பேன் என்றார் அவர். அப்படியும் குற்றவாளி என்றே தீர்ப்பு. மகனைப் பறிகொடுத்த குடும்பங்கள் மெக்வேக்கு வசைக் கடிதம் எழுதிக்கொண்டே இருந்தன. 1968இல் தன்னைத்தானே சுட்டுக்கொண்டார்.

பிழைத்த மரைன்களில் ஒருவர் கைல்ஸ் மெக்காய். 1960இல் உயிர் தப்பியவர்களையெல்லாம் தேடிப்பிடித்து ஓர் ஊரில் கூட்டினார், மெக்வேயையும் வரவைத்தார். கேப்டன் மேல் விழுந்த பழியைத் துடைக்கப் பல வருஷம் போராடினார். கேப்டனுக்குக் காவல் நிற்பது மரைன் வேலை என்றால், இவர் அதைப் போர் முடிந்த பிறகும் விடவில்லை. என்னைக் கேட்டால் கரையில் செய்த எந்த வீரத்துக்கும் இது குறைந்ததல்ல.

2000இல் அமெரிக்க நாடாளுமன்றம் மெக்வே மேல் பழியில்லை என்று தீர்மானம் போட்டது. அதைக் கேட்க மெக்வே இல்லை. மெக்காயாவது இருந்தாரே என்பதில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.